சக்ரபாணி செய்த சமன் பெட்டி

சக்ரபாணியைப் பற்றி யாராவது நல்லதாகப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். பதினோரு வருடம் அந்த ஆளுக்குக் கீழே வேலை பார்த்தவன். அந்த உரிமை எனக்கு உண்டு.

ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் ஒரு மத்திய அரசு ஆய்வுக்கூடம். பெயர் வேண்டாம். அங்கே ஆம்ப்ளிஃபையர் பிரிவில் அவர் சீனியர் இன்ஜினியர். நான் டெக்னிக்கல் அசிஸ்டென்ட். உள்ளே போகிற மின்அலை எந்த வடிவத்தில் போகிறதோ அதே வடிவத்தில், பெரிதாக மட்டும், வெளியே வர வேண்டும். வடிவம் கெட்டால் அதற்குப் பெயர் டிஸ்டார்ஷன். 1971இல் ஒரு கருவியில் அந்தக் கெடுதலை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தார். டைரக்டர் கையெழுத்துப் போட்ட பாராட்டுக் கடிதம் ஒன்று கிடைத்தது. அதைக் கண்ணாடி போட்டு, குவார்ட்டர்ஸ் கூடத்தில் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பெருமாளைவிட ஒரு விரல் உயரத்தில்.

அதற்குப் பிறகு அவர் எதையும் புதிதாகச் செய்யவில்லை. அடுத்தவர் செய்வதைப் பார்த்து மூக்கைச் சுளிப்பதே அவருடைய முழுநேர வேலையாக இருந்தது. சிகந்திராபாத் சபாவில் கச்சேரிக்குப் போவார். பாடகி கண்ணை மூடி உருகிக்கொண்டிருக்கும்போது, "மைக்ல டிஸ்டார்ஷன் பாருங்கோ" என்று பக்கத்து நாற்காலிக்காரர் காதைக் கடிப்பார். ராகம் தெரியாது, சுருதி சேர்ந்ததா விலகியதா என்பதும் தெரியாது. அவருடைய மனைவி கல்பகம் மாமிக்கு நல்ல காது. கல்யாணத்துக்கு முன்பு ஆறு வருடம் வீணை கற்றவர். அந்த வீட்டில் மாமியிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

எங்கள் வயரிங் பிரிவில் பதினான்கு பெண்கள். அவர்களில் மெட்டில்டா என்பவள் ஈயம் உருக்கிச் சால்டரிங் வைத்தால் அந்த இணைப்பு வெள்ளிப் பொட்டு மாதிரி மின்னும். அவள் கைபட்ட சர்க்யூட் போர்டு ஒன்றுகூடப் பழுதென்று திரும்பி வந்ததில்லை. சிகந்திராபாத் லாலாகுடாவிலிருந்து ஆபீஸ் பஸ்ஸில் வருவாள். 1975 மே மாதம் ஒரு நாள் எங்கள் மேஜைக்கு வந்து நின்றாள்.

"சார், எங்க அண்ணன் கிட்டாருக்கு ஒரு பெட்டி வச்சிருக்காரு. கால்ல மிதிக்கிற பெட்டி. வெயில் ஏறினா செத்துப் போவுது. கொஞ்சம் பாக்கறீங்களா?"

"அது என்ன பண்ணும்?" என்றார் சக்ரபாணி.

"கிட்டார் சத்தத்தைக் கரகரன்னு ஆக்கும் சார். ஃபஸ்னு சொல்வாங்க."

சக்ரபாணி என் பக்கம் திரும்பினார். "ரமணி, கேட்டியா? பத்து வருஷமா நான் கரகரப்பை ஒழிக்கப் பாடுபடறேன். இவ அண்ணா அதைக் காலால மிதிச்சு வரவழைக்கறானாம்."

நானும் சிரித்தேன். அவர் சிரித்தால் சிரிப்பது என் உத்தியோகத்தில் சேர்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மெட்டில்டாவின் அண்ணன் கிதியோன் சக்ரபாணியின் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. சனிக்கிழமைகளில் ரயில்வே ஊழியர் கிளப்பான இன்ஸ்டிடியூட்டில் ஐந்து பேர் சேர்ந்த பேண்டில் கிட்டார் வாசிப்பவர். நாற்பதை நெருங்கியவர், தேய்த்த வெள்ளைச் சட்டை, செருப்பு. ஆட்டோவில் கிட்டாரையும் சின்ன ஆம்ப்ளிஃபையர் ஒன்றையும் மடியில் வைத்துக்கொண்டு மெட்டில்டாவோடு வந்திறங்கினார். சக்ரபாணி என்னையும் வரச் சொல்லியிருந்தார். அவருக்கு வேடிக்கை பார்க்க ஆள் வேண்டும்.

சக்ரபாணி பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கபாசிட்டர். அவ்வளவுதான்.

"இதுவா? ஸ்கூல் எக்ஸிபிஷன்ல வைக்கறதுக்குக்கூட லாயக்கில்லை. இதைத் தலைமேல தூக்கிண்டு சிகந்திராபாத்லேர்ந்து வந்தேளா?"

கிதியோனுக்குக் கோபம் வரவில்லை. "சின்னதுதான் சார். ஆனா சொன்ன பேச்சு கேக்கும். ஒரு நிமிசம், குளுகுளுன்னு ஆச்சுன்னா காட்டறேன்."

கல்பகம் மாமி சமையலறை வாசலிலிருந்து, "பானை மேல வைக்கட்டுமா?" என்று கேட்டார். தண்ணீர்ப் பானையின் மூடிமேல் பத்து நிமிடம் உட்கார்ந்ததும் பெட்டிக்கு உயிர் வந்தது.

அது என்ன செய்கிறது என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். கம்பி அதிரும்போது எழுகிற அலை மலை மாதிரி ஏறி இறங்கும். பெட்டி அதை அளவுக்கு மீறி ஊதிப் பெருக்கி, உச்சியையும் அடியையும் சீவிவிடும். மலை மதில்சுவராகிவிடும். சீவின விளிம்பிலிருந்து கம்பியில் இல்லாத புதிய ஓசைகள் பிறக்கும். அதுதான் கரகரப்பு. ஆனால் கிதியோன் செய்தது அது மட்டுமில்லை. மெல்ல மீட்டினார், ஓசை கோயில் மணி மாதிரி சுத்தமாக வந்தது. அழுத்தி மீட்டினார், உறுமியது. கிட்டாரில் இருந்த குமிழைக் கொஞ்சம் இறக்கினார். உறுமல் அடங்கி, தொண்டை கட்டினவர் பாடுவது போல ஒரு நடுக்குரல் வந்தது. பெட்டியை அவர் தொடவே இல்லை.

"மிதிச்சு விட்டாச்சுன்னா மிச்சமெல்லாம் கையிலதான் சார்" என்றார்.

மாமி கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். சக்ரபாணி அதையெல்லாம் கேட்கவில்லை. அலையின் வடிவத்தைத் திரையில் வரைந்து காட்ட வீட்டிலேயே அவர் செய்து வைத்திருந்த ஆசிலாஸ்கோப்பின் பச்சைக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல ஒரு மாதிரி வெட்டறது, கீழ ஒரு மாதிரி வெட்டறது. உள்ள இருக்கறது ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். சூடு ஏறினா கரண்ட் கசியும். குப்பை. விட்டுட்டுப் போங்கோ. நான் ஒழுங்கா ஒண்ணு பண்ணித் தரேன்."

கசிவைப் பற்றி அவர் சொன்னது சரி. அதை மறைக்கமாட்டேன். அவர் வாயிலிருந்து வந்த கடைசிச் சரியான வார்த்தை அதுதான்.

இரண்டு வாரத்தில் புதிய பெட்டி தயார். ஜெர்மேனியத்துக்குப் பதில் சிலிக்கான் டிரான்சிஸ்டர். கிட்டாரிலிருந்து வருகிற சிக்னல் துளியும் வீணாகக் கூடாது என்று முன்னால் தனியாக ஒரு டிரான்சிஸ்டர் கட்டம் வேறு. மேஜை விளக்கின் அடியில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தார். பச்சைக் கோடு அசையவில்லை. மதில்சுவர் அவர் கண்ணுக்கு அழகாக இருந்தது. சிதைவே கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர், சிதைவிலும் தன் சிதைவே உசத்தி என்று மார்தட்டினார்.

கிதியோன் வந்து வாசித்துப் பார்த்தார். மெல்ல மீட்டினார், கத்தியது. அழுத்தி மீட்டினார், அதே கத்தல். குமிழை இறக்கினார். கொஞ்சம் தூரத்திலிருந்து கத்தியது, அவ்வளவுதான்.

"சார், இது பேச்சு கேக்க மாட்டேங்குது."

"யார் பேச்சை?"

"என் கை பேச்சை. முன்னாடி கேட்டுச்சே."

"உங்க கை ஒரு நேரம் ஒரு மாதிரி அடிக்கறது. அந்தக் குறையை நான் சரி பண்ணியிருக்கேன். அவுட்புட் ஒரே சீரா இருக்கோன்னோ? அப்பறம் என்ன?"

கல்பகம் மாமி, "போன தடவை வாசிச்சது நன்னா இருந்தது" என்றார்.

"நீ போய் காபியைப் பாரு" என்றார் சக்ரபாணி.

அத்தோடு விட்டிருந்தால் ஒரு கிட்டார்காரரின் ஒரு பெட்டி கெட்டதோடு போயிருக்கும். ஆனால் அந்த மனிதருக்குப் பாராட்டுக் கடிதத்தின் ருசி நாக்கிலேயே இருந்தது. ஜனவரியில் ஆண்டு விழா. டைரக்டர் முன்னால் தன் கண்டுபிடிப்பைக் காட்ட வேண்டும் என்று கிதியோனின் பேண்டுக்கே மேடை ஏற்பாடு செய்தார். இன்னொரு பெட்டியும் செய்தார். அதற்குச் 'சமன் பெட்டி' என்று அவரே பெயர் வைத்தார். வெளிநாட்டில் அதைக் கம்ப்ரெஸர் என்கிறார்கள். பலமான ஓசையை அமுக்கி, பலவீனமான ஓசையைத் தூக்கிவிடும். அளவோடு வைத்தால் மீட்டின சுரம் சட்டென்று சாகாமல் நீண்டு பாடும். கிதியோன் ஆசைப்பட்டதும் அந்த நீளத்துக்குத்தான். சக்ரபாணி அளவைக் கடைசிவரை ஏற்றி, மாற்ற முடியாதபடி அப்படியே சால்டர் செய்யச் சொன்னார்.

"ஒரு குமிழ் வச்சிக் குடுங்க சார், நான் குறைச்சுக்கிறேன்" என்று கிதியோன் கெஞ்சினார்.

"குமிழ் வச்சா கண்டவனும் திருப்புவான்."

போர்டுகளை வயரிங் செய்தவள் மெட்டில்டா. அவள் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வரைபடத்தோடு வந்தாள். "சார், ஃபஸ் பெட்டியில முன்னாடி ஒரு டிரான்சிஸ்டர் ஸ்டேஜ் வச்சிருக்கீங்க இல்ல, அதை எடுத்துட்டா அண்ணன் கைக்குக் கேக்கும்னு தோணுது. கிட்டார்ல இருக்கிற கம்பிச்சுருளும் பெட்டியும் நேரா ஒட்டிக்கிட்டாத்தான்…"

"உனக்குத் தோணறதா?" அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நீ சால்டர் பண்ணு. தோணறது என் வேலை."

பிரிவே கேட்டுக்கொண்டிருந்தது. மெட்டில்டா வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

விழா, குவார்ட்டர்ஸ் சமூகக் கூடத்தில் மாலை ஆறு மணிக்கு. முதல் வரிசையில் டைரக்டரும் அவர் மனைவியும். எமர்ஜென்சி காலம், எல்லோரும் நேரத்துக்கு வந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். சக்ரபாணி பட்டு அங்கவஸ்திரத்தோடு மேடை ஓரத்தில் நின்று, உள்நாட்டுத் தொழில்நுட்பம் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். கிதியோன் பெயரைச் சொல்லவில்லை. மெட்டில்டா என்று ஒருத்தி இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

கிதியோன் வாசிக்கவிருந்தது, மிக மெதுவாக ஒற்றைக் கம்பியில் தொடங்கிப் படிப்படியாக ஏறுகிற ஒரு மெட்டு. பேண்டுக்காரர்கள் மூச்சை அடக்கி நின்றார்கள். கிதியோன் இரண்டு பெட்டிகளையும் மிதித்துவிட்டு, கையைக் கம்பிமேல் வைத்து ஒரு கணம் நிறுத்தினார்.

அந்த ஒரு கணத்தில் நடந்தது இது. கிட்டாரில் ஓசை இல்லாததால் சமன் பெட்டி, எதையோ கோட்டைவிடுகிறோம் என்று எண்ணி, இருந்ததையெல்லாம் தூக்கியது. ஒயரில் இருந்த இரைச்சலைத் தூக்கியது. அடுத்திருந்த ஃபஸ் பெட்டி அதை நூறு மடங்காக்கியது. 'ஹோ' என்று ஒரு பேரிரைச்சல். அதற்கு நடுவிலிருந்து, ஒலிபெருக்கிகள் வழியே, ஒரு மனிதர் தெளிவான தெலுங்கில் நிலக்கடலைக்கு எப்போது உரம் போட வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தார். நீண்ட ஒயரே ஏரியலாகி, மாலை நேர வானொலியின் விவசாய நிகழ்ச்சியைப் பிடித்துவிட்டது.

கூடம் ஒரு விநாடி திகைத்தது. பிறகு பின்வரிசையில் யாரோ, "எகரானிக்கி எந்த்த?" என்று கேட்டார்கள். ஏக்கருக்கு எவ்வளவு என்று. முந்நூறு பேரும் வெடித்துச் சிரித்தார்கள்.

கிதியோன் குனிந்து இரண்டு பெட்டிகளின் ஒயரையும் பிடுங்கி, கிட்டாரை நேராக ஆம்ப்ளிஃபையரில் செருகி வாசித்தார். நன்றாகத்தான் வாசித்தார். ஆனால் டைரக்டர் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் சக்ரபாணியிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பு வந்தது. எல்லாவற்றுக்கும் விளக்கம் கேட்கிற காலம் அது. ரேடியோ அலையைத் தடுக்கிற ஒரு சின்ன ஃபில்டர் கபாசிட்டர் வைக்க மறந்தேன், அளவை மீறி ஏற்றிவிட்டேன் என்று எழுதியிருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. டைரக்டர் சிரித்து மறந்திருப்பார். ஆனால் அவர் எழுதியது வேறு. வடிவமைப்பில் குறையில்லை, வயரிங் பிரிவின் மெட்டில்டா வைத்த சால்டரிங் இணைப்புகள் தரமற்றவை, அண்ணனுக்குச் சலுகை காட்ட அவசரமாகச் செய்ததன் விளைவு. இப்படி ஒரு பக்கம் டைப் அடித்து, என் மேஜையில் வைத்தார்.

"நீயும் ஒரு கையெழுத்துப் போடு. சரிபார்த்தவன்னு."

நான் அந்த இணைப்புகளைச் சரிபார்த்திருந்தேன். ஒவ்வொன்றும் மின்னியது.

"சார், சால்டரிங்…"

"உன் பிரமோஷன் ஃபைல் யார்கிட்ட இருக்கு, தெரியுமோன்னோ?"

கையெழுத்துப் போட்டேன். சக்ரபாணியைத் திட்டுகிறேனே, என்னை எந்த வார்த்தையால் திட்டுவது என்று இன்றுவரை பிடிபடவில்லை.

மெட்டில்டா நிர்வாக அதிகாரியிடம் பெட்டியைத் திறந்து பார்க்கும்படி கேட்டாள். "கைக்கு சார், எதுக்கு நான் சொல்றதைக் கேக்கணும்? ஜாயின்ட்டைக் கண்ணால பாருங்க, போதும்" என்றாள். அவர் பார்க்கவில்லை. கடிதத்தில் இரண்டு கையெழுத்து இருக்கிறதே, அது போதும் என்றார். அவளை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். இந்தியாவிலேயே சிறந்த சால்டரிங் கை என்று நான் நம்புகிற கை, ஆறு வருடம் திருகாணி டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டியது.

சக்ரபாணி அடுத்த வருடம் பிரமோஷன் வாங்கினார். நானும் வாங்கினேன்.

1979இல் ஒரு சனிக்கிழமை மதியம் லாலாகுடாவுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டால் என் நெஞ்சு லேசாகும் என்ற சுயநலம். வீட்டு முன்னறையில் ஒரு பழைய தையல் மேஜை. அதன்மேல் பத்துப் பதினைந்து பெட்டிகள். ஹைதராபாத், சிகந்திராபாத் பேண்டுக்காரர்கள் எல்லாரும் இப்போது அவளிடம்தான் வருகிறார்கள் என்று கிதியோன் சொன்னார். சக்ரபாணி முன்னால் வைத்த அந்த டிரான்சிஸ்டர் கட்டத்தைத் தூக்கி எறிந்திருந்தாள். பாக்கெட் ரேடியோக்களில் வருகிற ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களை வாங்கி, ஒவ்வொன்றாக அளந்து, கசிவு குறைந்ததை மட்டும் பொறுக்கி வைத்திருந்தாள். வெயில் பிரச்சினைக்கு? பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் குமிழ். சூட்டில் ஓசை செத்தால் அதைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். அவ்வளவு எளிய விஷயம்.

"மெட்டில்டா, அந்தக் கடிதத்துல…"

"தெரியும் ரமணி சார். அந்தக் காகிதத்தை எனக்குக் காட்டினாங்க. உங்க கையெழுத்துதான் முதல்ல கண்ணுல பட்டுச்சு." அவள் சால்டரிங் கம்பியைக் கீழே வைக்கவில்லை. "அவரு பொய்ன்னு தெரியாம எழுதியிருப்பாரு. அவருக்கு நிஜமாவே அவரு தப்பு தெரியாது. நீங்க தெரிஞ்சு போட்டீங்க."

"ஹவ், சரி, விடு மெட்டி, வீட்டுக்கு வந்தவரு" என்றார் கிதியோன், என்னைப் பார்த்துப் பாவப்பட்டு. அந்தப் பரிதாபம் திட்டைவிட மோசமாக இருந்தது.

"நான் ஒண்ணும் சொல்லலியே அண்ணே. அவருக்கு டீ குடுங்க. குடிச்சிட்டுப் போகட்டும்."

டீ குடித்தேன். கிதியோன் ஒரு பெட்டியைச் சோதிக்க வாசித்தார். விரலின் பக்கச் சதையால் தடவினபோது ஒரு பெருமூச்சு அளவுக்கு ஓசை. நகத்தால் தட்டினபோது விளிம்பில் ஒரு கரகரப்பு. முழுக்கையும் இறங்கினபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மெட்டில்டா கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இன்னும் கொஞ்சம் கீழ வரணும்" என்று ஒரு ரெசிஸ்டரை மாற்றினாள். அந்த அறையில் அளவுகருவி என்று இருந்தது ஒரு சின்ன மீட்டர்தான். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. எழுந்து வந்தேன்.

1982இல் வேறொருவர் வயரிங் பிரிவுக்குத் தலைவராக வந்தார். ஒரு முக்கியமான வேலையில் போர்டுகள் தொடர்ந்து பழுதென்று திரும்பி வரவே, பழைய பதிவேடுகளைப் புரட்டி, பழுதே வராத போர்டுகளில் எல்லாம் ஒரே பெயர் இருப்பதைக் கண்டார். ஸ்டோர்ஸுக்கு நேரில் போய் மெட்டில்டாவைக் கூப்பிட்டார். அவள் வந்தாள். முதல் நாளே அவரிடம், "என் வேலை மேல சந்தேகம் வந்தா காகிதம் எழுதாதீங்க சார், பூதக்கண்ணாடி எடுத்துக்கிட்டு வாங்க" என்றாளாம். அவர் சம்மதித்தாராம்.

சக்ரபாணி 1984இல் ஓய்வு பெற்றார். பிரிவுபசார விழாவில் நாற்பது நிமிடம் பேசினார். அந்த ஆண்டு விழாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சந்தன மாலை போட்டவர்களில் நானும் ஒருவன். கல்பகம் மாமி முதல் வரிசையில், யாரோ சொல்லித் தந்தது போல் கைகளை மடியில் கட்டி உட்கார்ந்திருந்தார். வெளியே வரும்போது என்னிடம் மெல்ல, "அந்தப் பொண்ணு சௌக்கியமா? அவ அண்ணா இன்னும் வாசிக்கறாரா?" என்று விசாரித்தார். வாசிக்கிறார் என்றேன். "சந்தோஷம்" என்றார். சக்ரபாணி காரிலிருந்து ஹாரன் அடித்தார்.

மெட்டில்டா விழாவுக்கு வரவில்லை. அவளை அழைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை; அழைத்திருந்தாலும் வந்திருக்கமாட்டாள். அன்று மாலை ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் நடனம். அதற்குள் நான்கு பெட்டிகளை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.